குள்ளர் வீட்டுப் பிள்ளை

பணி ஓய்வு விழாவில் எங்கள் தொல்லியல் இலாகாவின் சின்னப் பிள்ளைகள் மைக்கை என் கையில் திணித்து, "பழைய வரலாறு, புராணம் இதிலெல்லாம் உங்களுக்கு எப்படி மேடம் ஆர்வம் வந்தது?" என்று கேட்டார்கள். சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தேன், அப்படியே பிடித்துப்போயிற்று என்றேன். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். வீடு வந்து சேர்ந்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. மண்ணுக்குள் கிடப்பதை உள்ளபடி எழுது என்று முப்பது வருடங்களுக்கு மேலாக அடுத்தவர்களை விரட்டியவள் நான். எனக்கென்று வந்ததும் பொய் சொல்லிவிட்டேன்.

இப்போது அதே பிள்ளைகள் விழா மலருக்குக் கட்டுரை கேட்டு நச்சரிக்கிறார்கள். சரி, எழுதித் தொலைக்கிறேன். இதில் வரும் பெரியவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. இனி யாருக்கும் கெடுதல் வராது.

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் பிறந்தேன். அப்பா சவரிமுத்து நிழல்மரங்களில் ஏறிக் கிளை கழிப்பவர். அம்மா அந்தோணியம்மாள் காய் எடுப்பவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய கத்தோலிக்கக் குடும்பம். கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை, முன்னால் ஒரு வாசல், அவ்வளவுதான் எங்கள் சொத்து.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. ஆடி மழையில் தம்பி பிறந்தான். எங்கள் தோட்டத்துக்கென்று சாமியார் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு கீழேயிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பிள்ளை பால் குடிக்கவில்லை. அவன் பிழைக்கமாட்டான் என்று மூன்றாம் நாளே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஞானஸ்நானத் தண்ணிய நாமளே தலையில ஊத்திருவோம். ஆவத்துக்கு யாரும் ஊத்தலாமாம்லா" என்றாள்.

அப்பா மறுத்துவிட்டார். "வாய வச்சிட்டுச் சும்மா இரு. சாமியார் வந்து முறையா கொடுக்கட்டும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

பிள்ளை ஆறாம் நாள் காலையில் போய்விட்டான். அந்த ஆறு நாளும் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கை ஏந்தி அவன் தலையில் விட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டோம்.

உபதேசியார் வந்தார். சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்லிக் கொடுப்பவர், கல்லறைத் தோட்டத்தின் சாவி வைத்திருப்பவர். கெட்டவரில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைய மந்திரிச்ச நெலத்துல வைக்க முடியாது, சவரிமுத்து. என் கையில இல்ல." பேர்கூட வைக்கக் கூடாது என்றார். பேர் ஞானஸ்நானத்தோடு வருவது. மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, இடையில் ஓர் இருட்டில் இருக்கும் என்பது அந்த நாளில் எங்கள் லயத்து நம்பிக்கை. அம்மா அதைக் கேட்டபோது போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேட்டுக் காட்டில் நான்கு குள்ளர் வீடுகள் நின்றன. நான்கு பக்கமும் பலகைக் கற்கள் நட்டு, மேலே ஒரு பெருங்கல் மூடி, முன் கல்லில் ஒரு வட்டத் துளை. மூணாறுப் பக்கத்தில் முனியறை என்பார்கள். எங்கள் ஆட்கள் குள்ளர் வீடு என்றார்கள். தண்ணீர் படாமல் போன பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். துளை வழியாகத் தோள்வரை கையை விட்டு உள்ளே மண்ணைப் பறித்தார். பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்த தம்பியை உள்ளே வைத்தார். அந்த வீட்டுக்குள் கறுப்பும் சிவப்புமாக ஒரு பழைய மண்சட்டி கிடந்தது. நரி இழுத்துவிடாமல் இருக்க அதை எடுத்துப் பிள்ளைமேல் கவிழ்த்தார். மேலே மண்ணைத் தள்ளி, துளையை ஒரு கல்லால் அடைத்தார்.

இறங்கி வரும்போது நான் கேட்டேன். "இது யார் வீடுப்பா?"

"குள்ளங்க வீடு."

"தம்பிய அடிப்பாவளா?"

அப்பா நின்றுவிட்டார். பிறகு சொன்னார். "சேச்சே. முழங்கை உசரம்தான் இருப்பாவ. பாண்டவங்க காட்டுல கெடந்தப்ப கஞ்சி ஊத்துனதே அவியதான். பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுவாவ."

உண்மையில் என் ஆர்வம் தொடங்கியது இந்த இடத்தில்தான். என் தம்பி யாருடைய வீட்டில் இருக்கிறான், அவர்கள் நல்லவர்களா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். கங்காணியின் மனைவி, குள்ளர்கள் நெருப்பு மழைக்குப் பயந்து கல்லுக்குள் ஒளிந்துகொண்டவர்கள், உள்ளேயே வெந்து செத்தார்கள் என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உபதேசியாரைக் கேட்டேன். நோவா காலத்து வெள்ளத்தில் தப்பிய பொல்லாதவர்கள் என்றார். அன்றைக்கு முழுக்க அழுதேன். பள்ளிக்கூட வாத்தியார்தான், "குள்ளனும் இல்ல, பாண்டவனும் இல்ல. நம்மள மாதிரி மனுசங்க. ரொம்ப காலத்துக்கு முந்தி இருந்தவங்க. அது அவங்க சமாதி" என்றார். நம்மைப் போல என்றால் நல்லவர்களும் இருப்பார்கள், கெட்டவர்களும் இருப்பார்களே! எந்த வகை? வாத்தியாருக்குத் தெரியவில்லை. பாரதக் கதை, ராமாயணம், வேதாகமத்துப் பழைய ஏற்பாடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு படித்தேன். சரித்திர ஆசை, புராண ஆசை என்று நீங்கள் சொல்வது எனக்கு இப்படித்தான் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, தோட்டத்தில் புதிய பாதை வெட்டினார்கள். அது தம்பி இருந்த குள்ளர் வீட்டின் வழியாகப் போயிற்று. கல்லைப் பெயர்க்கும் முன் பார்த்துக் குறித்துக்கொள்ள இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் நாச்சிமுத்து, கொழிஞ்சாம்பாறைக்காரர். கூலியாளைக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார். தோட்டத்திலிருந்து ஆறு ஆட்களைக் கொடுத்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர்.

அந்த வீட்டைத்தான் தோண்டப்போகிறார்கள் என்று அப்பாவுக்கு அன்று காலைதான் தெரியும். காப்பித் தூக்கை என் கையில் கொடுக்கும்போது சொன்னார். "ஏட்டி, அங்க வந்தா வாயத் தொறக்கப்பிடாது. சொல்லாம புதைச்சதுன்னு தெரிஞ்சா போலீஸ் வரும். வேலையும் போயிரும்." தானே முதலில் உள்ளே இறங்கி, பிள்ளையை எடுத்துத் துண்டில் மறைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

நாச்சிமுத்து சாரின் முறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடப்பாரை போட்டு மூடுகல்லை நகர்த்தினார்கள். அவர் நூல் கட்டி உள்ளே நான்கு கட்டமாகப் பிரித்தார். ஒரு கட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. விரல் கனத்துக்கு மண்ணைச் சுரண்டி, கூடையில் போட்டு, சல்லடையில் சலித்து, அதன்பிறகுதான் அடுத்த விரல் கனம். முதல் நாள் கால் அடிகூட இறங்கவில்லை. இரண்டாம் நாள் சட்டியின் அடிப்பாகம் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அப்பாதான் உள்ளே இருந்தார். சட்டென்று கையால் மூடினார்.

"கைய எடுங்க. மேல ஏறிக்குங்க" என்றார் சார். எலும்பு தெரிந்தால் ஆட்கள் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும், அவர் ஒருவர் மட்டும் தூரிகையோடு உள்ளே இருப்பார். அப்பா ஏறவில்லை. "சவரிமுத்து, ஏறுங்க" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நான் காப்பித் தூக்கோடு விளிம்பில் நின்றேன். இரண்டு வருடமாக ஊரெல்லாம் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டேன். "இவிய நல்லவியளா சார்?"

"எப்படித் தெரியுமுங்க கண்ணு?" என்றார் நிமிராமல். "என்ன சட்டி வெச்சிருந்தாங்க, இரும்பு தெரியுமா, அது சொல்லலாம். நல்லவங்களான்னு மண்ணு சொல்லாதுங்க."

சட்டியை மெல்லத் தூக்கினார். அடியில் இருந்த மண்ணைத் தூரிகையால் தள்ளிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இல்ல கண்ணு, சொல்லுது. சின்னக் கொழந்தைங்க. மேல சட்டியக் கவுத்தி வெச்சிருக்காங்க. நரி இழுக்கக் கூடாதுன்னு யாரோ ஒருத்தர் மனசு கேக்காம செஞ்ச காரியம் இது. நல்லவங்கதான்."

அப்பா திரும்பிக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் போய்விட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மற்ற ஆட்கள் சொன்னார்கள். மண்ணைப் பார்த்தே என் அப்பாவின் மனதைப் படித்துவிட்டார் அந்த மனிதர். ஆளைத்தான் தவறவிட்டார், காலத்தைத் தவறவிட்டார். எனக்குப் பயம் பாதி. இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்ற ஆச்சரியம் பாதி. என் தம்பியைப் பஞ்சு போட்ட பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா எடுத்த காயைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள். ஜீப் போய்விட்டிருந்தது.

அதன்பிறகு படிப்பு, விண்ணப்பம், காத்திருப்பு எல்லாம் உங்கள் கதை போலத்தான். அந்தப் பெட்டி எங்கே போயிற்றோ அங்கேயே நானும் போக வேண்டும் என்பது ஒன்றுதான் குறி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இலாகாவுக்கு விடாமல் கார்டு போட்டுப் போட்டு, எழுபதுகள் முடியும் தறுவாயில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கை வாடகைக்கு எடுத்துக் கிடைத்த பொருள்களை வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் நாச்சிமுத்து சார். மேட்டுக் காட்டில் தூக்கோடு நின்றவள் நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவர் என்றைக்கும் குரலை உயர்த்தியதில்லை. நாம் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியுமுங்க?" என்பார். இது இடுப்பு எலும்பு சார். எப்படித் தெரியுமுங்க? மழை வரும் சார். எப்படித் தெரியுமுங்க? எரிச்சலாக வரும். ஆனால் அவர் தன்னையும் அதே கேள்வி கேட்டுக்கொள்வார். முதல் மூன்று மாதம் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓடு கழுவினேன். பிறகு இரும்புக்கு மாற்றினார்.

இன்றைக்கு நீங்கள் துருக்கட்டியை எக்ஸ்ரேயில் வைத்து ஒரு நிமிடத்தில் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுகிறீர்கள். எங்களுக்குக் கண்ணும் ஊசியும்தான். தண்ணீர் தொடக் கூடாது. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஊசிமுனையால் துருவை ஒவ்வொரு பொருக்காக உடைத்து, மெல்லிய தூரிகையால் தள்ள வேண்டும். உடைகிற சத்தம் மாறினால் கையை நிறுத்திவிட வேண்டும், இரும்பு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் காலையில் ஒரு தகர டப்பாவை என் முன்னால் வைத்தார். பதிவேட்டில், சாந்தன்பாறை, குழந்தை எலும்புகளோடு கிடைத்த இரும்புத் துண்டு, ஒன்று என்று இருந்தது. சுண்டுவிரல் நுனியளவு துருவும் மண்ணும் சேர்ந்த கட்டி. அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு செய்தவர்கள், அதனால் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

மத்தியானத்துக்குள் மேல்துரு போயிற்று. மெல்லிய கம்பி தெரிந்தது. கம்பியின் வளைவில் ஒரு சுருள். இன்னும் இரண்டு பொருக்கு உடைத்ததும், முனையை மாட்டும் தகட்டு மூடி.

ஊக்கு. அம்மா தன் தாலிச்சரட்டில் மாட்டியிருப்பாளே, அதே ஊக்கு. சுற்றிய துணி அவிழாமல் இருக்க அவள் குத்தியிருக்கிறாள்.

ஊசியைக் கீழே வைத்தேன். சார் வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம காலத்து ஊக்குங்க."

"ஆமா சார்."

"எலும்பக் கரைக்கிற அந்தப் புளிச்ச மண்ணுல இத்தன காலம் அது எப்படிங்க நின்னுச்சுன்னு அப்பவே என்னை நான் கேட்டிருக்கோணும். சட்டி காப்பாத்திருச்சுன்னு நெனச்சேன். எலும்பு கெடச்ச சந்தோசத்துல கண்ணு மறைச்சுருச்சு. கட்டுரை எழுதி அச்சும் ஆயிருச்சு." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "அப்ப இது யாரு கொழந்தை?" என்றார்.

"என் தம்பி சார்."

பழக்க தோஷத்தில் வாய் திறந்தார். எப்படித் தெரியுமுங்க என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் நிறுத்திக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உபதேசியார், மழை, சட்டி, அப்பாவின் கை. கேட்டு முடித்ததும் எழுந்து கைகூப்பினார். எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பெரிய மனிதர் என்னைக் கும்பிட்டார்.

பிறகு உள்ளதைச் சொன்னார். தப்பு அவருடையது, பதிவைத் திருத்திவிடுவார். ஆனால் புதிய எலும்பு என்று எழுதினால் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். "உங்கப்பாவ விசாரிப்பாங்க. விசாரிக்காம விடமாட்டாங்க. முடிச்சுட்டுக் கொழந்தைய உங்ககிட்டத் தருவாங்க. நான் கூடவே வர்றேன், எல்லாப் பழியும் என்னோடதுன்னு சொல்றேன். ஊட்டுக்குப் போய்ப் பெத்தவங்களக் கேட்டுட்டு வாங்க. பெட்டி லேபிளும் மங்கிப்போச்சு, எப்படியும் புதுசா எழுதோணும். நீங்க வந்து சொல்றத எழுதலாம்."

பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு, பூப்பாறை என்று பஸ் மாறி மாறி ஒரு நாள் பயணம். மடியில் பையோடு உட்கார்ந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கிவந்தால் எங்கே புதைப்பது? உபதேசியார் அதே உபதேசியார், சாவியும் அவரிடம்தான்.

ஞாயிறு செபம் முடிந்து அம்மா வாசலில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அப்பாவின் கை நின்றது. "போலீசு வரட்டும். நான் போறேன். பிள்ளைய வாங்கிட்டு வா" என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. என்னைக் கேட்டாள். "பெட்டில என்ன எழுதியிருக்கு?"

"குழந்தைன்னு எழுதியிருக்கும்மா. காலம், கிறிஸ்துவுக்கு முன்னன்னு."

"அப்படின்னா?"

"சேசு பொறக்குததுக்கு முந்தி வாழ்ந்தவங்கன்னு அர்த்தம்."

அம்மாவின் விரல்கள் முறத்தில் அப்படியே இருந்தன. "முந்தியா? கவர்மெண்டு அப்படியா எழுதியிருக்கு?"

"தப்பா எழுதியிருக்கும்மா."

"அப்பம் ஞானஸ்நானமே கெடையாதே! யாருக்குமே கெடையாதே! விசுவாச மந்திரத்துல சொல்லுதோம்லா, சேசு மரிச்சதும் பாதாளத்துக்கு எறங்கிப் போனாருன்னு. எதுக்குப் போனாரு? முந்திச் செத்துப்போன நல்ல சனத்தக் கூட்டிட்டு வாறதுக்குத்தானே? அவியட்ட தண்ணி ஊத்தியாச்சான்னு கேக்கலயே."

"அம்மா, அவன் போய் எட்டு வருசம்தான் ஆவுது. உனக்குத் தெரியாதா?"

"பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்? எனக்குத் தெரியும்டி. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? நான் சொன்னத அன்னைக்கு எவன் கேட்டான்?" அப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "மாத்தாத. உன் கையால அப்படியே எழுது. நல்லா அழுத்தி எழுது. அவன் அந்தச் சனத்தோடயே போயிச் சேரட்டும்."

திங்களன்று பஸ் பிடித்து, செவ்வாய் காலை கிடங்குக்குப் போனேன். பழையபடியே இருக்கட்டும் சார் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் எங்கள் வேதக்காரர் இல்லை. ஆனாலும் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவதற்கென்றே பிறந்த மனிதர். அவரிடம் போய் நான் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கே பின்னால்தான் உறைத்தது. அலமாரியைத் திறந்தார். திரும்பி வந்து புது அட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

எழுதினேன். குழந்தை. காலம், கிறிஸ்துவுக்கு முன். என் பணிக்காலத்தில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். சார் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டுரையை அதன்பிறகு எங்கேயும் அவர் காட்டவில்லை. அதைப் பற்றிக் கேட்டு வந்தவர்களிடம், "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

நவம்பரில் இறந்தவர்கள் திருநாளன்று எங்கள் லயத்து ஆட்கள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுத்திரி ஏற்றுவார்கள். தம்பி போன நாளிலிருந்து அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. அந்த வருடம் போனாள். கூட்டத்தோடு உள்ளே போய், யாருடையது என்றில்லாமல் வெறும் தரையில் ஒரு திரியை நட்டுக் கொளுத்தினாள். உபதேசியார் பக்கத்தில் வந்து, "யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"என் மவனுக்கு" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் தடுக்கவில்லை, அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். நான் அப்பாவைத் தேடினேன். அவர் வேலிக்கு வெளியே நின்றிருந்தார். போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. "நீங்க போங்க" என்றார். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான் நின்றார். சாகும்வரை ஒவ்வொரு நவம்பரிலும் எங்களைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, வெளியிலேயே நின்றார்.